நடச் சொல்லத்தான் ஊரெல்லாம் ஆள்

சிவராத்திரியோடு குளிர் ‘சிவ சிவா’ என்று போய்விடும் என்பார்கள். எங்கள் கோலார் தங்கவயலில் குளிர் போன கையோடு புத்திமதி வந்து இறங்கும். அவரைக்காய் காலம் முடிந்து, காய்ந்த கொடியைப் பிடுங்கிப் போட்டபின் வாசல் வெறிச்சென்று கிடக்கும். அந்த நேரம் பார்த்து யாராவது ஒருவர் வாட்ஸப்பில் வீடியோ அனுப்புவார்: ‘வசந்தம் வருகிறது, வீட்டுத் தோட்டம் தொடங்க இதுவே சமயம்.’ ஞாயிற்றுக்கிழமை பெங்களூரிலிருந்து வருகிற மருமகப்பிள்ளை, “ஏன் மாமா, இவ்ளோ இடம் சும்மா கிடக்குதே, ஒரு மாங்கன்னு வெக்கக் கூடாதா?” என்பார். ஏதாவது ஒரு சங்கத்துக்காரர்கள் வீட்டுக்கு ஒரு கன்று கொடுத்து, கொடுக்கும்போதே போட்டோவும் எடுத்துக்கொண்டு போவார்கள். போட்டோவில் கன்று செழிப்பாகத்தான் இருக்கும்.

நடத் தெரியாமலா உட்கார்ந்திருக்கிறோம்? எங்கள் பாட்டன், பூட்டன் எல்லாம் வடாற்காடு, சேலம், தருமபுரி, சித்தூர்ப் பக்கத்தில் ஏர் பிடித்துவிட்டு, பஞ்சம் பிழைக்க இங்கே வந்தவர்கள். 1880-இல் தங்கச் சுரங்கம் நடத்த ஜான் டெய்லர் கம்பெனி வந்தபிறகு, பூமிக்குள் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிப் பாறையை வெட்டிய ஊர் இது. மூன்றடிக் குழி எப்படி வெட்டுவதென்று எங்களுக்கு வீடியோ போட்டுக் காட்டுகிறார்கள்! துரைமார் பங்களாக்களில் ரோஜாவும் புல்தரையும் பார்த்து இந்த ஊரைக் ‘குட்டி இங்கிலாந்து’ என்று சொன்னார்கள். அந்த ரோஜாவுக்குக் களை எடுத்து, தண்ணீர் ஊற்றிய கை யாருடையது? சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீட்டு வாசலில் தகரத்தை வைத்து மறைத்து, அந்த இத்தனூண்டு இடத்தில் கீரையும் மிளகாயும் போட்டு, விதையைச் சாம்பலில் புரட்டிப் பாட்டிலில் எடுத்து வைத்தவர்கள் எங்கள் அம்மாக்கள். நடுகிற வித்தை எங்களிடம் உண்டு. நட்டதற்குப் பிறகு என்ன என்று கேட்டால்தான் எல்லோரும் வாட்சைப் பார்க்கிறார்கள்.

முதலில் இந்த வசந்தக் கணக்கே நம்முடையதல்ல. பனி உருகுகிற தேசத்தில் வசந்தம் என்றால் மண் ஈரமாக இருக்கும், வெயில் இதமாக இருக்கும், செடி குஷியாகக் கிளம்பும். இங்கே மாசி என்பது வறட்சிக்கு முதல் மணி. ஆடிப்பட்டம் தேடி விதை என்று பெரியவர்கள் சொன்னது சும்மா இல்லை. கோலார் பக்கம் நல்ல மழை என்றால் செப்டம்பர், அக்டோபர்தான். நடுவில் கோடை மழை நாலு தூறல் போட்டால் அதிர்ஷ்டம். தண்ணீர் கைவசம் இருந்தால் தையிலும் மாசியிலும் வெண்டை, கத்தரி, கீரை போடலாம். இரண்டு மூன்று மாதத்தில் கணக்குத் தீர்ந்துவிடும். பழமரம் அப்படி இல்லை. மாசியில் வைத்த மாங்கன்று வேர் பிடிக்கும் முன்பே பங்குனியும் சித்திரையும் அதன் தலையில் ஏறிவிடும். ஆனால் பெங்களூர் லால்பாக்கில் குடியரசு தினப் பூக்கண்காட்சி ஜனவரியில்தானே நடக்கிறது. பார்க்கப் போனவர்கள் சும்மா வருவார்களா? அங்கிருந்து வருகிற மாரிக்குப்பம் ரயிலில், வேலை முடிந்து திரும்புகிற கூட்டத்துக்கு நடுவே, ஆளுக்கொரு கன்றைக் குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பதை வருஷா வருஷம் பார்க்கலாம்.

சரி, ஆசைக்கு வைத்தாயிற்று. தண்ணீர்? வெயில் காலத்தில் ஓர் இளங்கன்றுக்கு மூன்று நாளைக்கு ஒரு குடம் என்று கஞ்சத்தனமாக வைத்தாலும், நாலு கன்றுக்கு மாதம் நாற்பது குடம். எங்கள் சந்தில் குழாயில் தண்ணீர் எந்தக் கிழமை வரும், எத்தனை மணிக்கு வரும் என்பது அதைத் திறந்துவிடுகிறவருக்கும் ஆண்டவனுக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம். ராத்திரி ஒரு மணிக்கு வரும். குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினால், குடிக்கப் பிடிப்பதற்குள் காற்று மட்டும் புஸ்ஸென்று வரும். டேங்கருக்குக் காசு கொடுத்து வாங்கிய தண்ணீரை மாங்கன்றுக்கு ஊற்றினால் வீட்டம்மா என்ன சொல்வாள்? “ஏங்க, அந்தக் காசுக்கு சீனிவாசப்பூர் பாதாமி மாம்பழமே ரெண்டு கிலோ வாங்கலாமே!” அவள் சொல்வதில் தப்பென்ன இருக்கிறது?

தங்கவயல்காரன் வாயைத் திறந்தால் மின்சாரப் பெருமை வரும். 1902-இலேயே சிவசமுத்திரத்திலிருந்து 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து இங்கே கரண்ட் கொண்டு வந்தார்கள் என்று நானும் ஆயிரம் பேரிடம் சொல்லியிருப்பேன். காவிரியின் கரண்டை அந்தக் காலத்திலேயே இங்கே கொண்டுவந்து சேர்க்க முடிந்தது. பக்கத்திலேயே பேத்தமங்கலத்தில் பாலாற்று ஏரி. சுரங்கக் காலத்தில் அங்கிருந்துதான் ஊருக்கே தண்ணீர். கம்பெனிக்குத் தங்கம் வேண்டியிருந்த வரைக்கும் தண்ணீருக்கும் வழி இருந்தது. 2018-இலிருந்து பெங்களூர்ச் சாக்கடையைச் சுத்திகரித்து, கே.சி. வேலித் திட்டம் என்று கோலார் ஏரிகளில் விடுகிறார்கள். அந்த ஏரிகளைச் சுற்றியுள்ள விவசாயிகளுக்கு போர்வெல் ஊறுகிறதென்றால் சந்தோஷம். ஆனால் கொடுக்கல் வாங்கலைப் பாருங்கள்: விடியற்காலை ரயிலில் எங்கள் பிள்ளைகளை அந்த நகரம் வாங்கிக்கொள்கிறது, குளித்த தண்ணீரை எங்கள் மாவட்டத்துக்கு அனுப்பிவைக்கிறது.

தண்ணீரை எப்படியோ சமாளிக்கலாம். அரிசி களைந்த தண்ணீர் இருக்கிறது, பாத்திரம் அலசிய தண்ணீர் இருக்கிறது. சின்ன மண்பானையின் அடியில் ஓட்டை போட்டு, துணித்திரி வைத்து, வேர்ப்பக்கம் புதைத்துவிட்டால் ஒருமுறை நிரப்பினால் நாலு நாளைக்குச் சொட்டும். தென்னை நாரையும் காய்ந்த இலையையும் தூரைச் சுற்றிப் போட்டால் ஈரம் நிற்கும். தூசியை என்ன செய்வது? பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைக் கரைத்து எடுத்துக்கொண்டு, மிச்சத்தை நூறு வருஷமாக ஊருக்கு நடுவே கொட்டினார்கள். பதின்மூன்று மேடுகள், மூன்று கோடி டன்னுக்கு மேல். சினிமாக்காரர்களுக்கு அது நல்ல லொக்கேஷன். எங்களுக்கு அது காற்று வீசும்போதெல்லாம் சோற்றில் விழுகிற மண். அதில் மக்கு கிடையாது, உரம் கிடையாது. நனைந்தால் இறுகும், காய்ந்தால் பறக்கும். கொய்யா இலையை விரலால் தடவிப் பார்த்தால் சாம்பல் நிறத்தில் மாவு ஒட்டும். இலை மூச்சுவிட வேண்டுமானால் கழுவ வேண்டும். கழுவ என்ன வேண்டும்? சுற்றிச் சுற்றித் திரும்பவும் குழாயடிக்கே வருகிறோம். அந்த மேடுகளில் இன்னும் தங்கம் மிச்சமிருக்கிறதாம். ஆயிரம் ஏக்கர் மேட்டைத் திரும்பக் கிளற, 2024 ஜூனில் மாநில அரசு ஒன்றிய அரசுக்குச் சம்மதம் சொல்லியாயிற்று. மிச்சத் தங்கத்துக்கு இவ்வளவு யோசனை செய்கிறவர்கள் பறக்கிற தூசிக்கும் ஒரு கூட்டம் போட்டு யோசிக்கக் கூடாதா?

இதையெல்லாம் தாண்டி ஒரு கன்று துளிர்விட்டது என்று வையுங்கள். ஆடு வரும். தகரத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் சந்து இருந்தால் போதும், முதலில் மூக்கு, பிறகு ஒரு கொம்பு, பிறகு முழு ஆடு. மிளகாய்ச் செடியை மோந்து பார்த்துவிட்டு நேராக மாங்கன்றிடம் போகும். நுனித்துளிரை மட்டும், வெற்றிலைக் காம்பு கிள்ளுகிற நறுவிசோடு, கிள்ளித் தின்னும். ஆட்டுக்காரம்மாவிடம் போய் நின்றால், “அண்ணா, வாயில்லா ஜீவன்ணா, அதுக்கு இன்னா தெரியும்?” என்கிறாள். வாயில்லா ஜீவனாம்! அந்த வாய்தானம்மா என் மாங்கன்றைத் தின்றது. கட்டிப்போட்டு வளர்க்கச் சொன்னால், “தழை யார்ணா வாங்கிப் போடுவாங்க?” என்று நியாயம் பேசுகிறாள். அவள் நியாயம் அவளுக்கு.

நர்சரிக்காரர் கதை தனி. பையிலிருக்கிற மாங்கன்று பச்சைப்பசேலென்று தளதளக்கும். குனிந்து ஒட்டுப் போட்ட இடத்தைப் பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் நாடா சுற்றிய இடத்துக்கு மேலே ஒட்டுக்குச்சி காய்ந்து கருத்திருக்கும். தளதளப்பெல்லாம் நாடாவுக்குக் கீழேயிருந்து கிளம்பிய கிளை. அது பாதாமி இல்லை, அடிக்கன்றாக வைத்த நாட்டுச் செடி. நாலு வருஷம் தண்ணீர் ஊற்றினபிறகு அது தன் பெயரைச் சொல்லும். பப்பாளி இன்னும் மோசம். “எல்லாம் பொம்பளைச் செடி சார், கியாரண்டி” என்று கையில் கொடுப்பார். சாதாரண விதையில் முளைத்த பப்பாளி ஆணா பெண்ணா என்று பூக்கும் வரைக்கும் யாராலும் சொல்ல முடியாது. பாதிக்குப் பாதி ஆணாகப் போக வாய்ப்பு உண்டு. நீளக் காம்பில் கொத்துக் கொத்தாகப் பூ தொங்கினால் முடிந்தது கதை. அழகுக்கு வைத்துக்கொள்ளலாம். கேட்டால், “உங்க மண்ணு அப்படி சார்” என்பார்.

நல்ல விதை இல்லாமலா போய்விட்டது? பெங்களூரைத் தாண்டி ஹெசரகட்டாவில் 1967-இலிருந்து தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மஞ்சள் நோயைத் தாங்குகிற அர்க்கா அனாமிகா வெண்டை, மூன்று நோயைத் தாங்குகிற அர்க்கா ரக்ஷக் தக்காளி, ஆண்மரத் தொல்லை இல்லாத அர்க்கா சூர்யா பப்பாளி எல்லாம் அங்கே உருவாக்கியவைதான். தக்காளியும் மாங்காயும் லாரி லாரியாக ஏற்றுமதி செய்கிற மாவட்டம் இது. அதே மாவட்டத்தில் லைன் வீட்டுக்காரன் நம்பி வாங்க நாலு நல்ல கன்று, பத்து ரூபாய் விதைப் பொட்டலம் எங்கள் ராபர்ட்சன்பேட்டையிலேயே கிடைக்கும்படி செய்ய முடியாதா? வீடியோ எடுக்கிற செலவில் பாதி ஆகாது.

கடைசியாக ஒன்று. இதைச் சொல்லாமல் மற்றதை மட்டும் சொன்னால் பாதிப் பொய். வெண்டைக்காய் வைக்க வாசல் போதும். மாமரம் வைக்க, இந்த இடம் என்னுடையது என்கிற தைரியம் வேண்டும். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். அதுவும் மாசி மாதம்தான். ஊரெல்லாம் நடுகிற மாதத்தில் எங்களைப் பிடுங்கினார்கள். குடியிருக்கிற லைன் வீட்டை எங்கள் பேருக்கே எழுதிக் கொடுப்பதாக அன்றைக்கு ஆரம்பித்த பத்திரப் பேச்சு இன்னும் முழுசாக ஓயவில்லை. பத்திரம் கைக்கு வராதவன் எந்த நம்பிக்கையில் ஐந்து வருஷத்துக்கு அப்புறம் காய்க்கிற மரத்தை வைப்பான்? வைத்தாலும் பறிக்க யார் இருக்கப் போகிறார்கள்? பையன் விடியற்காலை ரயிலுக்குப் போனால் ராத்திரிதான் திரும்புகிறான். இன்னும் கொஞ்ச நாளில் அங்கேயே வாடகைக்கு வீடு பார்த்துக்கொள்வான். அப்புறம் அவனும் ஞாயிற்றுக்கிழமை வந்து, “ஏன்பா, இடம் சும்மா கிடக்குதே” என்பான்.

இத்தனைக்கும் நடுவே எங்கள் பக்கத்தில் தானாகத் தப்பிப் பிழைத்து நிற்கிற பழமரம் சீத்தா. ஆடு அதன் இலையைத் தொடாது, தண்ணீர் கேட்காது, பாறைச் சந்திலும் வேர் விடும். யாரும் புத்திமதி சொல்லாமல், யாரும் போட்டோ எடுக்காமல் காய்க்கிறது. சீத்தா மாதிரி கிடந்து காயுங்கள் என்றால் நாங்கள் காய்ந்துகொள்வோம், பழக்கம்தான். ஆனால் மா வையுங்கள், கொய்யா வையுங்கள், மாதுளை வையுங்கள் என்று சொல்வதானால் அதற்கு உண்டானதையும் செய்ய வேண்டும். மேட்டு மண் பறக்காமல் மூடுங்கள். வீட்டுப் பத்திரத்தைக் கையில் கொடுங்கள். கன்றோடு ஒரு முள்கூண்டும் சேர்த்துக் கொடுங்கள். இதில் எதுவும் முடியாது என்றால் ஒன்றே ஒன்று போதும். தண்ணீர் விடுகிற நாளை மட்டும் எங்களுக்குச் சொல்லுங்கள். செடி நடுகிற நாளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.