யாருக்காகப் பேசப் போகிறீர்கள்?



கைப்பேசி ஒன்று இருந்தால் இன்று யாரும் ஒலிபரப்பாளர் ஆகிவிடலாம். பேச்சைப் பதிவு செய்து இணையத்தில் ஏற்றிவிட்டால், விரும்பியவர் விரும்பிய நேரத்தில் கேட்டுக்கொள்வார். இதற்குப் ‘பாட்காஸ்ட்’ என்ற பெயர் 2004-இல் வழங்கத் தொடங்கியது. தமிழில் ‘வலையொலி’ என்கிறோம்.

வேப்பனப்பள்ளி, ஓசூர் பக்கத்து மாணவர்கள் பலருக்கும் இந்த ஆசை வந்திருக்கிறது. அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, “எந்த மைக் வாங்கலாம், சார்?” என்பது. அடுத்த கேள்வி, “எதைப் பேசினால் நிறையப் பேர் கேட்பார்கள்?” என்பது. இவ்விரண்டுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. யாருக்காகப் பேசப் போகிறோம்? இதற்கு விடை தெரியாமல் தொடங்கும் வலையொலி நீண்ட நாள் வாழாது என்பது என் கருத்து.

ஏன் வாழாது? உயிரியலில் இதற்கு ஓர் அழகான சோதனை இருக்கிறது. 1930-களில் காஸ் என்ற ரஷ்ய அறிவியலார் பாரமீசியம் என்னும் ஒருசெல் உயிரியை வைத்து ஆராய்ந்தார். ஆரிலியா, காடேட்டம் என்ற இரண்டு இனங்களைத் தனித்தனிக் குழாய்களில் வளர்த்தபோது இரண்டும் செழித்தன. ஒரே குழாயில் விட்டு ஒரே உணவைக் கொடுத்தபோது, சில வாரங்களில் காடேட்டம் அழிந்துபோயிற்று. பிறகு அதே காடேட்டத்தைப் பர்சேரியா என்ற வேறோர் இனத்துடன் சேர்த்து வளர்த்தார். இம்முறை இரண்டும் பிழைத்தன! காடேட்டம் மேலே மிதந்த பாக்டீரியாவை உண்டது. பர்சேரியா அடியில் படிந்த ஈஸ்ட்டை உண்டது. ஒன்றின் இடத்துக்கு மற்றொன்று போட்டிக்கு வரவில்லை.

திரைப்படச் செய்தியும் கிரிக்கெட்டும் பேசும் வலையொலிகள் ஏற்கெனவே ஏராளம். அவற்றுக்குப் பின்னால் பணமும் ஆளும் இருக்கின்றன. அதே குழாயில் நீங்களும் இறங்கினால் காடேட்டத்தின் கதிதான். குழாயின் அடியில் யாரும் தொடாத உணவு எங்கே படிந்திருக்கிறது என்று தேடுவதே அறிவுடைமை.

நம் நாட்டு வானொலி வரலாறும் இதையே காட்டுகிறது. 1960-களில் ஆடுதுறை 27 என்ற புதிய நெல் ரகத்தைப் பற்றித் திருச்சி வானொலி நிலையம் தஞ்சை உழவர்களுக்குத் தொடர்ந்து எடுத்துச் சொன்னது. அந்த நெல்லுக்கே ‘ரேடியோ நெல்’ என்று மக்கள் பெயர் வைத்துவிட்டார்கள். கேட்பவர் யார், அவருக்கு என்ன தேவை என்பதை அறிந்து பேசியதன் பயன் அது. பாம்பனில் 2016-இல் தொடங்கிய ‘கடல் ஓசை’ என்னும் சமுதாய வானொலி, மீனவர்களுக்கென்றே ஏற்பட்டது. காற்றின் வேகமும் அலையின் உயரமும் சென்னையில் இருப்பவருக்கு வெறும் எண்கள். படகை இறக்கப் போகிறவருக்கோ உயிர் சார்ந்த செய்தி.

வேப்பனப்பள்ளிக்கு வடக்கே, மாநில எல்லையைத் தாண்டினால், கோலார் மாவட்டத்தில் பூதிகோட்டை என்ற ஊர் இருக்கிறது. ஹைதர் அலி பிறந்த ஊர் என்று வரலாற்றில் படித்திருப்பீர்கள். 2000-களின் தொடக்கத்தில் அவ்வூர் மக்கள், யுனெஸ்கோ மற்றும் சில தொண்டு நிறுவனங்களின் துணையுடன், ‘நம்ம த்வனி’ என்ற ஒலி நிலையத்தை நடத்தினார்கள். ‘நமது குரல்’ என்பது அதன் பொருள். கிராம மக்கள் வானலையில் ஒலிபரப்ப அப்போது உரிமம் கிடையாது. அதனால் அவர்கள் கேபிள் டிவி கம்பியின் வழியாகவே ஒலியை வீடுகளுக்கு அனுப்பினார்கள்! கம்பி போகும் தூரம்தான் அதன் எல்லை. ஆனால் அந்த எல்லைக்குள் இருந்தவர்களுக்கு அது சொந்த ஊர்க் குரல்.

இனி நம் பக்கம் வருவோம். வேப்பனப்பள்ளி வட்டாரத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் காதில் விழுகின்றன. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசிவிட்டு, பள்ளியில் தமிழில் அறிவியல் படிக்கும் பிள்ளைகள் இங்கே உண்டு. அவர்களுக்காக ‘அடர்த்தி’, ‘உந்தம்’ போன்ற சொற்களை வீட்டு மொழியில் விளக்கும் பத்து நிமிட நிகழ்ச்சியைப் பெரிய நிறுவனம் எதுவும் தயாரிக்காது. உங்களால் முடியும். மா பூக்கும் பருவத்தில் தத்துப்பூச்சி ஏன் பெருகுகிறது என்று பையூர் ஆராய்ச்சி நிலையத்தாரைக் கேட்டுப் பதிவு செய்யலாம். ஓசூர் ஆலைகளுக்கு நிறுவனப் பேருந்தில் போகும் இளைஞர்களுக்கு, சம்பளச் சீட்டில் உள்ள பி.எஃப். பிடித்தம் என்ன என்று விளக்கலாம்.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். யானை எந்தக் காட்டோரம் நிற்கிறது என்ற செய்தி வலையொலிக்கு ஏற்றதன்று. பதிவு காதுக்கு வருவதற்குள் யானை தோட்டத்துக்கு வந்துவிடும்! ஆனால் யானை எதை மோப்பம் பிடித்து வருகிறது, எதிர்ப்பட்டால் என்ன செய்யக் கூடாது என்பவை இன்றும் அடுத்த மாதமும் பயன்படும். அவற்றை வனத்துறையினரிடம் கேட்டுப் பேசலாம்.

“இவ்வளவு சிறிய வட்டத்துக்குப் பேசி என்ன பயன்? பணம் வராதே!” என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான், பணம் பெரும்பாலும் வராது. ஆனால் ரேடியோப் பெட்டியை நினைத்துப் பாருங்கள். நூற்றுக்கணக்கான அலைகள் அதன் ஏரியலில் ஒரே சமயத்தில் மோதுகின்றன. கம்பிச்சுருளும் மின்தேக்கியும் சேர்ந்து, ஒரே ஓர் அதிர்வெண்ணுக்கு ஒத்ததிர்ந்து, மற்றவற்றை விலக்குவதால்தான் நமக்குப் பாட்டு கேட்கிறது. எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளும் பெட்டியில் இரைச்சல்தான் மிஞ்சும். விலக்கத் தெரிவது குறையன்று; தெளிவுக்கு அதுவே வழி.

ஆகவே தொடங்குமுன் ஒரு தாளை எடுங்கள். கேட்கக்கூடிய பத்துப் பேரின் பெயரை எழுதுங்கள். பெயர் எழுத வரவில்லையென்றால் பொருளை மாற்றுங்கள். அவர்கள் எப்போது கேட்பார்கள் என்று எழுதுங்கள்: பேருந்திலா, மாடு கறக்கும்போதா, சமைக்கும்போதா? நீங்கள் சொல்லப்போவது வேறெங்கும் அவர்களுக்குக் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். கிடைக்கிறதென்றால் அந்த இடம் உங்களுடையதன்று.

மைக்கைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். கைப்பேசியே போதும். அதை வாயிலிருந்து 60 செ.மீ. தூரத்தில் வைக்காமல் 15 செ.மீ. தூரத்தில் வையுங்கள். தூரம் நான்கில் ஒரு பங்காகும்போது நேரே வரும் ஒலியின் செறிவு ஏறத்தாழ 16 மடங்காகும். சுவர்களின் எதிரொலியோ கூடாது. வினாடிக்கு 64 கிலோபிட் அளவில் பதிந்தால் பத்து நிமிடப் பேச்சு 5 மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். டேட்டா குறைவாக உள்ளவரும் இறக்கிக்கொள்ளலாம்.

உலகம் முழுவதற்கும் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். உங்கள் தெருவுக்குப் பேச உங்களைவிட்டால் யார் இருக்கிறார்கள்? அந்தப் பத்துப் பெயர்களை இன்றே எழுதிப் பாருங்கள்.