தண்டனை விலையாகலாமா?

விளையாட்டில் தண்டனை எதற்காக? தவறு செய்தவர் நட்டமடைய வேண்டும். தவறுக்கு ஆளானவர் இழந்ததைத் திரும்பப் பெற வேண்டும். ஆனால் தவறு செய்பவருக்கே இலாபம் தரும் தண்டனை ஒன்று தொழில்முறைக் கூடைப்பந்தில் நெடுங்காலமாக இருந்து வருகிறது என்றால் வியப்பாக இல்லையா?

1891ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இவ்விளையாட்டைத் தோற்றுவித்தபோது, 'பிரீ த்ரோ' எனப்படும் தனி எறி கிடையாது. ஓர் அணி தொடர்ந்து மூன்று தவறுகள் செய்தால் எதிரணிக்கு ஒரு கோல் சேர்க்கப்பட்டது. தனி எறி சில ஆண்டுகள் கழித்தே வந்தது. அப்போதும் அணியில் கைதேர்ந்த ஒருவரே எல்லாவற்றையும் எறியலாம். 1920களில்தான் பவுலுக்கு ஆளானவரே எறிய வேண்டும் என்றாயிற்று. நியாயமான விதிதான். ஆயினும் அதில் ஒரு சந்து இருந்தது.

15 அடி தூரத்தில் நின்று, யாரும் மறிக்காமல் எறிவதே தனி எறி. உயரமும் வலிமையும் மிக்க சில பெரிய வீரர்களுக்கு இது கைவரவில்லை. என்.பி.ஏ. போட்டிகளில் புகழ்பெற்ற ஷாகில் ஓநீல் எறிந்தவற்றில் ஏறத்தாழப் பாதிதான் கூடையில் விழுந்தன. எதிரணிப் பயிற்சியாளர்கள் கணக்குப் போட்டார்கள். பந்து எங்கோ இருக்க, இத்தகையவரை வேண்டுமென்றே பிடித்து நிறுத்தச் சொன்னார்கள். ஆறு பவுல் செய்தவர் வெளியேற வேண்டும் என்பதால், அதிகம் தேவைப்படாத ஆட்டக்காரரை இதற்கென்றே இறக்கினார்கள்! 2016 ஜனவரி 20 அன்று டெட்ராய்ட் அணியின் ஆண்ட்ரே டிரம்மண்ட், ஹூஸ்டன் அணிக்கெதிராக 36 தனி எறிகள் எறிந்தார், 23 தவறின. ஓட்டத்தையும் பாய்ச்சலையும் காண வந்தவர்களுக்கு இதுவா விருந்து?

நான்காம் கால்பகுதியின் கடைசி இரண்டு நிமிடங்களுக்கு மட்டும் ஒரு தடுப்பு முன்பே இருந்தது. அப்போது பந்துக்குத் தொடர்பில்லாதவரைப் பவுல் செய்தால், எதிரணிக்கு ஒரு தனி எறியும் உண்டு, பந்தும் உண்டு. 2016-17 பருவத்தில் இது எல்லாக் கால்பகுதிகளின் கடைசி இரண்டு நிமிடங்களுக்கும் நீட்டிக்கப்பட்டது. நல்லதே. ஆனால் 48 நிமிட ஆட்டத்தில் 8 நிமிடங்களுக்குத்தான் காவல். மீதி 40 நிமிடங்களுக்கு?

"எறியத் தெரியாதது யார் குற்றம்? பயிற்சி செய்யட்டுமே" என்பர் சிலர். பயிற்சி வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. 1962இல் வில்ட் சேம்பர்லின் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளிகள் எடுத்தபோது, 32 தனி எறிகளில் 28ஐக் கூடையில் போட்டார். இரு கைகளாலும் கீழிருந்து எறியப் பழகியதன் பயன் அது. கூடையை நோக்கிப் பாய்பவரைத் தடுக்கையில் பவுல் நேர்ந்தால், அவர் எறியட்டும். தவறினால் அது அவர் பாடு. ஆனால் பந்தே இல்லாதவரைப் பிடித்துக்கொள்வது எப்படித் தடுப்பாட்டமாகும்?

நூலகப் புத்தகத்தைத் தாமதமாகத் தந்தால் அபராதம் உண்டு. "சில காசுதானே" என்று, தோழியர் காத்திருக்கத் தானே வைத்துக்கொள்பவளுக்கு அந்த அபராதம் வாடகையாகிவிடுகிறது. வேண்டுமென்றே செய்யும் பவுலும் இப்படித்தான்.

2022-23 பருவத்தில் என்.பி.ஏ. இன்னொரு விதியையும் மாற்றியது. எதிரணி வேகமாக முன்னேறும்போது, பந்தைத் தடுக்க முயலாமல் ஆளைப் பிடித்து நிறுத்தினால், ஒரு தனி எறியோடு பந்தும் எதிரணிக்கே. நாம் ஆடும் சர்வதேச விதிகளிலோ, பந்துக்கு முயலாமல் வேண்டுமென்றே ஆளைப் பிடிப்பது விளையாட்டுப் பண்பற்ற பவுல். இரண்டு தனி எறிகளும் பந்தும் எதிரணிக்குப் போகும். அதே கண்டிப்பை அமெரிக்கத் தொழில்முறை ஆட்டத்தின் 48 நிமிடங்களுக்கும் கொண்டுவருவதே முறை என்பது என் கருத்து.

கூடைப்பந்து ஆடும் தோழியரே, நம்மிடமும் பவுல் நேரும். விரைவில் கை பட்டுவிடுவது இயல்பு. ஆனால் "தண்டனையைத்தான் ஏற்றுக்கொள்கிறோமே" என்று கணக்குப் பார்த்துத் தவறு செய்து பெறும் கோப்பை நமக்கு வேண்டாம்.