இரத்தம் மட்டும் நம்முது

பிரெஞ்சுக்காரன் பெரிய வாய்க்காலை நடுவில் வைத்துப் புதுச்சேரியைப் பிரித்தான். கிழக்கே கடலோரம் வெள்ளை நகரம், மேற்கே கறுப்பு நகரம். அந்தக் கறுப்பு நகரத்துக்கும் வெளியே தள்ளப்பட்டது சேரி. 1954இல் அவன் அதிகாரத்தை விட்டுப் போய்ட்டான். கோடு போகல. ஆய்வகத்துக்குள்ளேயும் அது ஓடுது.

யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு, சாக்கடையிலும் மலக்குழியிலும் பெருகுகிறது. சாக்கடை ஓரத்தில் யாருக்குக் குடியிருப்பு, அதில் இறங்கி அள்ளுகிறவர் யார் என்று நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. இந்த நோயின் நுண்புழு ராத்திரியில்தான் வெளி இரத்தத்துக்கு வரும். அதனால் ஆய்வுக்காரர்கள் ராத்திரியில் வந்து, தூங்குற பிள்ளையை எழுப்பி விரலில் குத்தி இரத்தம் எடுப்பார்கள். இந்தப் புழு சாதாரண ஆய்வக எலிகளில் வளராது. எலியில் வளர்வது இதன் பங்காளியான புருகியா மலாயி. புது மருந்தை முதலில் அதில் சோதிக்கலாம். ஆனால் கடைசியாக மனுச உடம்பில் பார்த்துத்தான் ஆகணும். 1947இல் அறியப்பட்ட டி.இ.சி. மருந்து முதல், இன்று ஐவர்மெக்டின், டி.இ.சி., அல்பெண்டசோல் மூன்றையும் சேர்த்துக் கொடுப்பது வரை இதுதான் வழி.

விரலை நீட்ட நமக்குத் தகுதித் தேர்வு கிடையாது. மைக்ராஸ்கோப் முன்னால் உட்காரத்தான் தகுதி கேக்குறாங்க.

1975இல் இரண்டு காரியம் நடந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் புதுச்சேரியில் நோய்க்கடத்திகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் தொடங்கப்பட்டது. 1981 முதல் 1985 வரை இந்த நகரத்தில் யானைக்கால் கொசுவை ஒழிக்க அது செய்த வேலை பெரியது. மறுக்கவில்லை. அதே 1975 ஜூனில் மத்திய அரசு ஓர் உத்தரவு போட்டது. ஆராய்ச்சி செய்யும், ஆராய்ச்சியை நடத்தும் அறிவியல் பதவிகளில், ‘ஏ’ பிரிவின் கடைசிப் படிக்கு மேலே உள்ளவற்றுக்கு இடஒதுக்கீட்டிலிருந்து விலக்குத் தரலாம் என்றது. இது ஒரு மையத்தின் குற்றமல்ல. நாடு முழுக்க மத்திய ஆய்வகங்களுக்குப் பொதுவான விதி. வாசல்படி வரைக்கும் வா, நடுவீட்டுக்கு வராதே என்கிற பழைய கதைதான், அரசாங்கத் தாளில்.

சரி, கீழே இருக்கிற திட்டப்பணியாவது? மத்திய அரசின் 1997ஆம் ஆண்டுச் சுழற்சிப் பட்டியலில் எஸ்.சி.க்கு முதல் முறை ஏழாவது புள்ளியில் வருகிறது. மருந்துச் சோதனைக்கு ஒரு திட்டம், இரண்டு ஆள், மூன்று வருஷம் என்று வையுங்கள். திட்டத்துக்குத் திட்டம் தனிக்கணக்கு போட்டால் ஏழாவது புள்ளி எந்த ஜென்மத்தில் வரும்? 45 நாளோ அதற்கு மேலோ நீடிக்கும் தற்காலிக வேலையிலும் இடஒதுக்கீடு உண்டு என்று 2022இல் உத்தரவு வந்தது. 2023இல் உச்ச நீதிமன்றத்திலும் மத்திய அரசு அதைச் சொன்னது. சொன்னது சரி, கணக்கு எங்கே?

உடனே சில நல்லவர்கள் வருவார்கள். “சேரி ஆளுங்க ஆய்வகத்துல இருந்தா, ஜனங்களை மாத்திரை சாப்பிட வைக்க சுலபமா இருக்கும்” என்பார்கள். நாங்க அதுக்காக நாற்காலி கேக்கல. புழு சாகும்போது காய்ச்சல் வரும், பயப்படாதே என்று வீடுவீடாகச் சொல்ல மட்டும்தான் நாமா? விலங்கியலும் நுண்ணுயிரியலும் படித்துப் பட்டம் வாங்கின நம்ம பிள்ளைங்க இருக்காங்க. எந்த மருந்தைச் சோதிப்பது, யார் உடம்பில் சோதிப்பது, எப்போது நிறுத்துவது என்று முடிவெடுக்கிற மேசையில் அவங்க உட்காரணும். இரத்தம் கொடுத்தவனுக்கு அந்த மேசையில் குரல் இல்லாத விஞ்ஞானம் பாதி விஞ்ஞானம்தான்.

1975 விலக்கை ரத்து செய். ஒரு நிறுவனத்தின் திட்டப்பணிகள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே சுழற்சிப் பட்டியல் போடு. அதை அறிவிப்புப் பலகையில் ஒட்டு.

தோழர்களே, அடுத்து ஆய்வக வேலைக்கு விளம்பரம் வரும்போது சும்மா விண்ணப்பம் மட்டும் போடாதீங்க. மொத்தம் எத்தனை இடம், இது எத்தனையாவது புள்ளி என்று 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேளுங்க. வருகிற பதிலை இந்தப் பத்திரிகைக்கு அனுப்புங்க. அச்சடிப்போம்.