உலக சாம்பியன்... அடுத்த வருஷமே குழுவில் கடைசி! பின்லாந்து ஜூனியர் ஐஸ் ஹாக்கி அணிக்கு என்னதான் ஆச்சு?

2016 ஜனவரி 5, ஹெல்சிங்கி. 20 வயதுக்கு உட்பட்டோருக்கான உலக ஐஸ் ஹாக்கி இறுதி ஆட்டம். ரஷ்யாவும் பின்லாந்தும் 3-3 என்று சமநிலையில் நிற்க, ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போகிறது. காஸ்பெரி கபானென் வலைக்குப் பின்பக்கமாகச் சுற்றி வந்து பக்கை (பந்துக்குப் பதிலா இருக்கும் ரப்பர் வட்டு) உள்ளே தள்ளுகிறார். 4-3. சொந்த ஊரில், சொந்த ரசிகர்கள் முன்னால் தங்கம்.

சரியா ஒரு வருஷம்கூட ஆகல. டிசம்பர் கடைசியில் கனடாவில் அடுத்த தொடர் தொடங்கியது. செக் குடியரசு, டென்மார்க், ஸ்வீடன் என்று வரிசையாக மூன்று தோல்வி. ஆமாம், டென்மார்க்கிடமும்தான். தொடர் முடிவதற்குள்ளேயே பயிற்சியாளர் யுக்கா ரௌட்டகோர்பி நீக்கப்பட்டார். சுவிட்சர்லாந்தை வென்றும் குழுவில் கடைசி இடம். நடப்பு சாம்பியன் ஒருவர் தரமிறக்கச் சுற்றில் ஆடியது இந்தத் தொடரில் அதுவே முதல்முறை.

இதை ‘அவமானம்’, ‘வீழ்ச்சி’ என்று எழுதுவது ரொம்ப ஈசி. ஆனால் அந்த 2017 அணியை அப்படி எழுதுவது நியாயமே இல்லை என்பது என் கருத்து. ஏன்னு பார்ப்போம்.

யார் இருந்தாங்க, யார் இல்லை?

2016 தங்கத்தின் பின்னால் மூன்று பசங்க இருந்தார்கள். செபாஸ்டியன் ஆஹோவுக்கு அப்போ 18 வயது. பாட்ரிக் லைனே, யெஸ்ஸே புல்யுயார்வி இருவருக்கும் 17தான். அதில் புல்யுயார்வி 7 ஆட்டங்களில் கோல், கோலுக்கான பாஸ் எல்லாம் சேர்த்து 17 புள்ளி எடுத்து, தொடரின் மிகச்சிறந்த வீரர் ஆனார்.

இந்த மூவருக்குமே 2017-லும் ஆட வயசு இருந்தது. ஆனா ஆடல. அந்தக் கோடையில் நடந்த என்எச்எல் டிராஃப்டில் லைனே இரண்டாவது, புல்யுயார்வி நான்காவது, ஒல்லி யுவோலெவி ஐந்தாவது இடத்தில் எடுக்கப்பட்டார்கள். முதல் ஐந்து இடங்களில் மூன்று பின்லாந்து பையன்கள்! 2016 இறுதியில் லைனே வின்னிபெக்குக்கும், புல்யுயார்வி எட்மண்டனுக்கும், ஏற்கெனவே தேர்வாகியிருந்த ஆஹோ கரோலினாவுக்கும் ஆடப் போய்விட்டார்கள். ஜூனியர் தொடருக்காக என்எச்எல் சீசன் நிற்காது. வீரரை அனுப்பியே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் கிளப்புக்கு இல்லை. யுவோலெவி மட்டும் வந்தார், கேப்டனாக.

அதாவது அணி மோசமாகப் பயிற்சி எடுத்ததால் மட்டும் காலியாகவில்லை. ரொம்ப நல்லா பயிற்சி எடுத்ததாலும் காலியானது. சீனியர் அணி என்றால் நட்சத்திரத்தைப் பத்து வருஷம் வச்சுக்கலாம். ஜூனியர் அணியில் இரண்டு வருஷம் கிடைத்தாலே பெரிய விஷயம். அப்படி இருக்கும்போது ‘போன வருஷம் தங்கம், இந்த வருஷம் ஏன் இல்லை?’ என்று கேட்பது, வேறு யாரோ எழுதிய பரீட்சைக்கு இவங்ககிட்ட மார்க் கேட்கிற மாதிரிதான்.

தரமிறக்கச் சுற்றில் இன்னொரு கொடுமையும் இருக்கு. தோற்றால் அடுத்த வருஷம் கீழ்ப்பிரிவில் ஆட வேண்டும். ஆனா அதற்குள் தோற்ற பசங்களில் பலருக்கு வயது தாண்டியிருக்கும். தண்டனை அடுத்த பேட்ச்சுக்கு! லாட்வியாவை 4-1, 2-1 என்று இரண்டு முறை வென்று அந்த அணி முதல் பிரிவில் இடத்தைக் காப்பாற்றிக் கொடுத்தது. பதக்கப் பட்டியலில் இதற்கு எந்த இடமும் கிடையாது.

அந்த இடத்தில்தான் இரண்டு வருஷம் கழித்து வான்கூவரில் பின்லாந்து மறுபடி தங்கம் வாங்கியது. பயிற்சியாளர்? 2017-ல் பாதியில் பொறுப்பேற்ற அதே யுஸ்ஸி அஹோகாஸ். (தொடர் நடுவே பயிற்சியாளரைத் தூக்கியது எனக்கு இன்னமும் உவப்பாக இல்லை. ஆனா இதையும் சொல்லணும்ல.)

‘ஓசி’ தங்கமா 1987?

பழைய கதை ஒன்று. பின்லாந்தின் முதல் தங்கம் 1987-ல் வந்தது. அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவின் பியெஷ்டானி நகரில் கனடாவும் சோவியத்தும் ஆடிய கடைசி ஆட்டம் கைகலப்பில் முடிந்தது. இரு அணியினரும் பெஞ்சிலிருந்து இறங்கி அடித்துக்கொள்ள, அரங்கின் விளக்குகளையே அணைத்துப் பார்த்தார்கள். இரு அணிகளும் தகுதிநீக்கம். தங்கம் பின்லாந்துக்கு.

அதனால் இன்றும் சிலர் அதை ஓசியில் வந்த தங்கம் என்கிறார்கள். கணக்கைப் பாருங்க. பின்லாந்து தன் 7 ஆட்டங்களில் 11 புள்ளியோடு முதலிடத்தில் இருந்தது. கனடாவுக்குத் தங்கம் வேண்டுமானால் சோவியத்தை 5 கோல் வித்தியாசத்தில் வெல்ல வேண்டும். சண்டை வெடித்தபோது கனடா 4-2 என்றுதான் முன்னிலை. கடைசிவரை ஆடியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ, யாருக்கும் தெரியாது. ஆனா அந்த நிமிஷம் பட்டியலில் மேலே இருந்தது பின்லாந்துதான்.

சுமார் 56 லட்சம் பேர் வாழும் நாடு. ஐந்து தங்கம்: 1987, 1998, 2014, 2016, 2019. நடுவில் 2007 முதல் 2013 வரை ஒரு வெண்கலம்கூட இல்லை. அந்த வறண்ட காலத்தில்தான் அங்கே கிளப் மட்டத்தில் சிறுவர்களின் தனித்திறனை வளர்க்கவே பயிற்சியாளர்களைப் போட ஆரம்பித்தார்கள். பலன் தெரிய வருஷங்கள் ஆனது. ஒவ்வொரு ஜனவரியும் பதக்கத்தை மட்டும் எண்ணியிருந்தால் அந்தப் பொறுமை வந்திருக்குமா?

வெறும் பதக்கத்தை எண்ணுகிற பழக்கத்துக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதற்கும் 2019-லேயே உதாரணம் இருக்கிறது. காலிறுதியில் கனடாவிடம் 1-0 என்று பின்தங்கிய பின்லாந்து, ஒரு நிமிஷத்துக்கும் குறைவாக இருந்தபோது சமன் செய்தது. கூடுதல் நேரத்தில் கனடா கேப்டன் மாக்ஸிம் கொம்துவாவுக்குப் பெனால்டி ஷாட். கோல்கீப்பர் தடுத்துவிட்டார். பிறகு டோனி உடுனென் கோல் போட, பின்லாந்து அரையிறுதிக்குப் போனது. அன்றிரவே கொம்துவாவின் இன்ஸ்டாகிராமில் வசவு மழை. அவருக்கு 20 வயது ஆக இன்னும் ஆறு நாள் இருந்தது.

2022 இறுதியில் கோட்டைத் தாண்டவிருந்த பின்லாந்தின் பக்கை, கனடாவின் மேசன் மெக்டாவிஷ் மட்டையால் தட்டிவிட்டார். சில நொடிகளில் கனடா கோல், ஆட்டம் குளோஸ். 2025 ஒட்டாவாவில் அமெரிக்காவுக்கு எதிராக 3-1 முன்னிலையிலிருந்து கூடுதல் நேரத்தில் 4-3 தோல்வி. இரண்டுக்கும் பட்டியலில் ஒரே வார்த்தைதான்: வெள்ளி.