செம்பு ரேடியேட்டரை எடைக்குப் போடாதீர்கள்

பழைய டிராக்டரில் ரேடியேட்டர் ஒழுக ஆரம்பித்தால் கிடைக்கும் முதல் யோசனை, "கழற்றி எடைக்குப் போட்டுட்டு அலுமினியத்துல ஒண்ணு வாங்கி மாட்டுங்க" என்பதுதான். அது தவறான யோசனை. நான் ஒரத்தநாடு பக்கம் நெல் விவசாயி. என் அப்பா 1984-இல் வாங்கிய மாஸி பெர்குசன் 1035 இன்றும் எங்கள் வயலில் தொழி உழுகிறது. சென்னை செம்பியத்தில் டாஃபே தயாரித்த வண்டி, சிம்சனின் மூன்று சிலிண்டர் என்ஜின். வண்டியோடு வந்த அதே செம்பு ரேடியேட்டர்தான் இன்னும் முன்னால் நிற்கிறது. பல முறை ஒழுகியது. ஒவ்வொரு முறையும் ஈயம் வைத்து அடைத்தோம்.

அது எப்படி முடிகிறது என்பதைச் சொன்னால்தான் என் வாதம் புரியும். மேலே ஒரு பித்தளைத் தொட்டி, கீழே ஒரு பித்தளைத் தொட்டி, நடுவில் தட்டையான குழாய்கள், குழாய்களைச் சுற்றிக் காற்றுக்குச் சூட்டைக் கொடுக்கும் மெல்லிய செம்புத் தகடுகள். இவை எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்திருப்பது ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்று. அது 183 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கும். செம்பு உருக 1,085 டிகிரி வேண்டும். இவ்வளவு பெரிய இடைவெளி இருப்பதால், கையில் ஒரு கேஸ் டார்ச் வைத்திருப்பவர் செம்புக்குச் சேதமில்லாமல் பற்றை மட்டும் இளக்கி, பிரித்து, மறுபடி சேர்த்துவிடலாம். அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகிவிடும். அதன் மேல் படியும் ஆக்சைடு தோல் ஈயத்தை ஒட்டவும் விடாது. புது ரேடியேட்டர்களை ஆலையின் உலையில் வைத்து இணைக்கிறார்கள், தொட்டியோ பிளாஸ்டிக். எடை குறைவு, புது வண்டிக்கு அது பொருத்தம்தான். ஆனால் ஒரு முறை விரிசல் விட்டால் ஊர்க் கடையில் பெரும்பாலும் வைத்தியம் கிடையாது.

வண்டி தண்ணீர் குடிக்கிறது என்றதும் ரேடியேட்டர்மேல் பழி போடுவதும் சரியல்ல. முதலில் ஹோஸ் கிளாம்பைப் பாருங்கள். வாட்டர் பம்பின் அடியில் இருக்கும் சின்னத் துளை வழியாகச் சொட்டினால் பம்பின் சீல் போயிருக்கிறது. ஆறிய என்ஜினை, ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து ஓட்டும்போது தண்ணீருக்குள் விடாமல் குமிழி கிளம்பினால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். (சூடான என்ஜினில் மூடியைத் திறக்கவே கூடாது, வெந்த கைகளைப் பார்த்திருக்கிறேன்.) ரேடியேட்டரிலேயே ஓட்டை என்றால் அது தானே காட்டிக்கொடுக்கும். தண்ணீர் கசிந்து காய்ந்த தடத்தில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கும்.

எங்கள் பகுதியில் ஓட்டை விழ இரண்டு காரணங்கள் முக்கியம். கேஜ் வீல் மாட்டிச் சேற்றில் உழும்போது வண்டி முழுக்க அதிர்கிறது. தொட்டியும் குழாய்களும் சேரும் விளிம்பில் பற்று களைத்து விரிகிறது. இன்னொன்று போர் தண்ணீர். அதன் உப்பு குழாய்க்குள் படிந்து அடைக்கிறது, சூடு ஏறுகிறது, அழுத்தம் ஏறுகிறது. இந்த லட்சணத்தில் சிலர் கார் ரேடியேட்டர் மூடியை வாங்கி மாட்டுகிறார்கள். பழைய டிராக்டருக்கு 4 பவுண்டு, 7 பவுண்டு என்று குறைந்த அழுத்தத்தில் திறக்கும் மூடிதான். கார் மூடி அதைப்போல் ஏறக்குறைய இரண்டு பங்கோ அதற்கு மேலோ தாங்கிப் பிடிக்கும். அந்த அழுத்தம் முழுவதும் நாற்பது வருடப் பற்றின் மேல் விழும்.

தஞ்சாவூரில் நான் போகும் ரேடியேட்டர் கடைக்காரரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். பார்த்ததும் கேட்பார்: "என்ன தம்பி, மஞ்சத்தூள் போட்டீங்களா?" போட்டிருந்தால் முகம் சுருங்கிவிடும். மஞ்சள்தூளும், கடையில் விற்கும் ஒழுகல் அடைப்பு மருந்தும், வயலிலிருந்து வீடு வந்து சேர உதவலாம். அதற்கு மேல் விட்டுவைத்தால் ஓட்டையை அடைப்பதோடு நல்ல குழாயையும் அடைத்துவிடும்.

அவர் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். ஹோஸ் வாய்களை ரப்பர் வைத்து அடைத்து, உள்ளே கொஞ்சமாகக் காற்று ஏற்றி, தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்துவார். குமிழி வரும் இடம்தான் ஓட்டை. அந்த இடத்தைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து, துத்தநாகத்தைக் கரைத்த ஆசிட்டைத் தடவி, பித்தளை பளிச்சென்று தெரிந்த பிறகே சூடு காட்டுவார். அழுக்கின் மேல் ஈயம் நிற்காது. டார்ச்சை ஓர் இடத்தில் நிறுத்தவே மாட்டார்; பக்கத்துப் பற்றுகளின் மேல் ஈரத்துணி போட்டிருப்பார், இல்லையென்றால் ஒன்றை அடைக்கப் போய் நான்கு திறந்துகொள்ளும். நடுக்குழாய் ஒன்று பொத்தலாகிக் கைக்கு எட்டாவிட்டால் மேல் தொட்டியையும் கீழ்த் தொட்டியையும் பிரித்து, அந்தக் குழாயின் இரு முனைகளையும் மூடிவிடுவார். ஒன்றிரண்டு குழாய் போனால் வண்டிக்குத் தெரியாது. குழாய்கள் பரவலாக அரித்திருந்தால் குழாய்களும் தகடுகளும் சேர்ந்த நடுப்பகுதியை (கோர்) மட்டும் மாற்றி, பழைய பித்தளைத் தொட்டிகளையே திரும்பப் பற்றவைக்கலாம். அப்போதும் பழைய தொட்டிகளை எடைக்குப் போடத் தேவையில்லை.

பழுதுபார்க்கும் உரிமை பற்றி இப்போது அரசுகளே பேசுகின்றன. மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022-இல் இதற்காகக் குழு அமைத்தபோது, விவசாயக் கருவிகளையும் பட்டியலில் சேர்த்தது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் 2023-இல் விவசாய இயந்திரங்களுக்கென்றே சட்டம் இயற்றியது. இதை மனதார வரவேற்கிறேன். ஆனால் எங்கள் 1035-ஐப் பழுதுபார்க்க எந்தச் சட்டமும் தேவைப்படவில்லை. பிரிக்கும்படியாகவே அதைச் செய்திருந்தார்கள். எங்களுக்குக் குறைந்துவருவது பிரித்துச் சேர்க்கத் தெரிந்த கைகள். பாய் கடையில் இப்போது உதவிக்கு யாரும் இல்லை. ஐடிஐ-களில் டிராக்டர் மெக்கானிக் பிரிவு இருக்கிறது. அங்கே படித்துவிட்டு வந்த பையன்கள் ஈயம் வைப்பதைப் பாய் கடையில்தான் முதன்முதலாகப் பார்த்ததாக என்னிடம் சொன்னார்கள்.

இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்கும் நான், அதன் ஆபத்தை மறைத்துவிட்டுக் கேட்க முடியாது. ரேடியேட்டர் பழுதுபார்ப்போரின் ரத்தத்தில் ஈயம் சேர்வது மருத்துவ உலகம் நன்கு அறிந்த தொழில்நோய். பழைய பற்றைச் சுரண்டும் தூசியிலும், சூடு மிஞ்சும்போது எழும் புகையிலும் ஈயம் இருக்கிறது. சட்டையில் ஒட்டி வீட்டுக் குழந்தைகள் வரை போகிறது. புகையை வெளியே இழுக்கும் விசிறி, முகக்கவசம், சாப்பிடுமுன் கை கழுவுதல், வேலைச் சட்டையைக் கடையிலேயே கழற்றி வைத்தல் ஆகியவற்றைப் பாடத்தின் முதல் வகுப்பாக வைக்கலாம். வீடு தேடி வந்து ரத்த அழுத்தம் பார்க்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தார் வருடம் ஒரு முறை இந்தக் கடைகளுக்கும் வந்து, ஈயத்துக்கான ரத்தப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்யலாம்.

மேட்டூர் அணை திறக்க ஜூன் 12 என்று ஒரு வழக்கம் உண்டு. அதற்கு முந்தைய மே மாதத்தில் டெல்டாவின் பழைய வண்டிகள் பலவும் ரேடியேட்டர் கடை வாசலுக்கு வந்துவிடும். ஐடிஐ மாணவர்களைச் சம்பளத்தோடு அங்கே அனுப்ப வேண்டிய மாதம் அதுதான். கற்றுக்கொடுக்கும் பாய்க்கும் அரசு கூலி கொடுக்க வேண்டும்.