டேங்கர் வராத நாளிலும் சமாதானம்

அத்திபெலேயில் இருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பொங்கலுக்கோ கிறிஸ்துமஸுக்கோ முந்தின நாள் சாயங்காலம் சந்தாபுராவைத் தாண்டினால் வண்டி நகராது. டோல்கேட்டைக் கடந்துவிட்டால் ஜூஜூவாடி, நம்ம தமிழ்நாடு. ஆனால் அந்தச் சில கிலோமீட்டருக்குள் எத்தனை பேருக்கு பிபி ஏறுகிறது, எத்தனை காருக்குள் சண்டை ஆரம்பிக்கிறது!

சாதாரண நாளும் லேசுப்பட்டதல்ல. போர்வெல் மோட்டார் எரிந்துபோகும். டேங்கர்காரர் "அரை மணி நேரத்துல வர்றேன் சார்" என்பார், மறுநாள் வருவார். ஆபீஸ் கால் நடக்கும்போது பார்த்து கரண்ட் போகும். ஸ்கூல் வேன் வராது. இதெல்லாம் ஒரு கஷ்டமா என்று நீங்கள் கேட்கலாம். பெரிய வியாதி வந்தால் ஜெபிக்கப் பத்து பேர் வீட்டுக்கு வருவார்கள். மோட்டார் எரிந்ததற்கு யார் வருவார்கள்?

பாளையங்கோட்டையிலோ நாசரேத்திலோ இருந்தால், தண்ணீர் வராத அன்று குடத்தை எடுத்துக்கொண்டு சித்தி வீட்டுக்குப் போய்விடலாம். இங்கே சித்தியும் இல்லை, நமக்குக் கன்னடமும் அரைகுறை. அதனால் வீட்டில் எது ரிப்பேரானாலும் பேச்சு கடைசியில் ஒரே இடத்தில்தான் போய் நிற்கும்: "உங்க பேச்சைக் கேட்டுத்தானே இங்க வந்தோம்!" குழாயில் தண்ணீர் வராத விஷயம், ஊரை விட்டு வந்ததே சரியா என்கிற வழக்காக மாறிவிடுகிறது. புலம்பெயர்ந்த வீடுகளில் சின்னக் கஷ்டம் பெரிய கஷ்டமாவது இப்படித்தான்.

சரி, விசுவாசிகளான நாம் இதற்கு என்ன செய்கிறோம்? நம் கூடுகைகளில் சொல்லப்படும் சாட்சிகளைக் கவனித்துப் பாருங்கள். விசா கிடைத்தது, கட்டி கரைந்தது, வேலை கிடைத்தது. அரிதாக யாராவது சின்ன விஷயத்தைச் சொன்னால், "ஜெபித்தேன், உடனே டிராஃபிக் கிளியர் ஆனது" என்பார்கள். எனக்கு இதில் ஒரு சங்கடம். பின்னாடி ஆம்புலன்ஸில் இருந்தவரும் ஜெபித்திருப்பாரே, அவருக்கு ஏன் கிளியர் ஆகவில்லை? டிராஃபிக் கிளியர் ஆகாத அன்று, "என் விசுவாசம் குறைவோ" என்று இன்னொரு பாரமும் சேர்ந்துகொள்கிறது.

மாற்கு 4ஆம் அதிகாரத்துப் படகுக் கதை ஞாயிறு பள்ளியிலேயே நமக்குத் தெரியும். காற்றையும் கடலையும் இயேசு அடக்கியதைத்தான் எப்போதும் பேசுகிறோம். ஆனால் காற்று அடங்குவதற்கு முன்பே அந்தப் படகில் ஒருவர் தலையணை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். படகுக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தபோதே சமாதானமும் அங்கே இருந்தது. பிரச்சினை தீர்ந்த பிறகு வருவது நிம்மதி, அது யாருக்கும் வரும். தீராதபோதும் கூட இருப்பதைத்தான் கிறிஸ்து தரும் சமாதானம் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

இங்கே ஏமி கார்மைக்கேல் அம்மையாரைச் சொல்ல வேண்டும். டோனாவூர் என்றால் திருநெல்வேலிக்காரர்களுக்குத் தெரியும். 1895ல் அவர் இந்தியாவில் முதலில் பணிக்கு வந்தது இதே பெங்களூருக்குத்தான். பிறகு திருநெல்வேலிச் சீமைக்குப் போய், கோயில்களுக்கு விடப்பட இருந்த பெண் குழந்தைகளை டோனாவூரில் வைத்து வளர்த்தார். 1931 அக்டோபரில், மருத்துவப் பணிக்காக ஏற்பாடாகிக்கொண்டிருந்த ஒரு வீட்டைப் பார்க்கக் களக்காட்டுக்குப் போனார். இருட்டும் நேரம். புதிதாக வெட்டியிருந்த குழியில் கால் தவறி விழுந்தார், கால் முறிந்தது. எந்த வீட்டிலும் நடக்கக்கூடிய சாதாரண விபத்துதான். அவர் குணமாக வேண்டும் என்று பலர் ஜெபித்தார்கள். ஆனாலும் 1951 ஜனவரியில் இறக்கும்வரை பெரும்பாலும் அந்த அறையும் படுக்கையும்தான் அவர் வாழ்க்கை. ஏறத்தாழ 20 வருஷம்!

வலி போகவில்லை. ஆனால் வேலை நிற்கவில்லை. படுக்கையிலிருந்தே கடிதங்களும் புத்தகங்களும் எழுதினார். 1933ல் வந்த 'ரோஸ் ஃப்ரம் பிரையர்', ஒரு நோயாளி மற்ற நோயாளிகளுக்காக எழுதியது. "எனக்கு ஏன் இப்படி?" என்ற கேள்வியிலேயே நின்றுவிடாமல், "என்னைப் போல வேறு யார் கஷ்டப்படுகிறார்கள்?" என்று பார்க்க அவரால் முடிந்திருக்கிறது. சமாதானம் செய்யும் வேலை இதுதான் என்று நினைக்கிறேன்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். "எல்லாம் தேவ சித்தம்" என்று வாயை மூடிக்கொண்டிருப்பது சமாதானம் ஆகாது. தொட்டியைச் சுத்தம் செய்யாத வீட்டுக்காரரிடம் கேட்கத்தான் வேண்டும். தெருவிளக்கு எரியாவிட்டால் மனு கொடுக்கத்தான் வேண்டும். நம் கையில் இருப்பதைச் செய்வோம். கையில் இல்லாததை ஆண்டவரிடம் விட்டுவிடுவோம். கோபத்தில் இருக்கும்போது எது நம் கையில் இருக்கிறது என்பதே தெரியாது. ஒரு நிமிஷம் ஜெபித்துவிட்டு போனை எடுத்தால் டேங்கர்காரரிடம் பேசும் குரலே வேறாக இருக்கும்.

2024 கோடையில் பெங்களூரில் தண்ணீர் தட்டுப்பாடு வந்ததே, அப்போது எங்களுக்கும் இரண்டு நாள் டேங்கர் வரவில்லை. இரண்டாம் நாள் காலை, வீட்டில் யாரும் யாரையும் குறை சொல்வதற்கு முன்னால் சேர்ந்து ஜெபித்தோம். பிறகு என் மனைவி குடத்தோடு எதிர் வீட்டுக் கதவைத் தட்டினாள். தினமும் பிள்ளையாருக்கு விளக்கேற்றும் கன்னடத்து அம்மா அவர். "இதுக்கு ஏன்மா தயங்குற" என்று அவர் பாஷையில் சொல்லி இரண்டு குடம் நிரப்பிக் கொடுத்தார். டேங்கர் அன்றைக்கும் வரவில்லை! ஆனால் ஊரில் விட்டுவிட்டு வந்த சித்திக்குப் பதிலாக இங்கே ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தது. சண்டை போட்டுக் களைத்துப் போயிருந்தால் அந்தக் கதவைத் தட்டத் தோன்றியிருக்குமா? சந்தேகம்தான்.

ஆகவே என் வேண்டுகோள் ஒன்றுதான். அடுத்த கூடுகையில் யாராவது எழுந்து, "இந்த வாரம் இரண்டு நாள் தண்ணீர் வரவில்லை, ஆனால் வீட்டில் சண்டையும் வரவில்லை" என்று சாட்சி சொன்னால், சிரித்துவிடாதீர்கள். விசா கிடைத்தவருக்குச் சொல்லும் அதே ஸ்தோத்திரத்தை அவருக்கும் சொல்லுங்கள். நான் கொஞ்சம் சத்தமாகவே சொல்வேன் :-)