பகிர்பவனும் ராவியே

நல்லம்பள்ளி வாரச்சந்தையில் ஆடு வாங்க வருபவர் எவரும், அதன் பல்லைப் பிடித்துப் பார்த்து வயதை அறியாமல் விலை பேசுவதில்லை. சில ஆயிரம் ரூபாய்ச் சரக்குக்கு இத்துணை விசாரணை! ஆனால் அதே மனிதர், சந்தைத் திடலில் நின்றபடியே, யாரோ ஒருவருடைய மானத்தைக் குலைக்கும் செய்தி கைபேசியில் வந்து விழுந்தால், 'யார் சொன்னது?' என்று ஒரு கேள்வியும் கேளாமல் நூறு பேருக்கு அனுப்பிவிடுகிறார். ஆட்டின் பல்லுக்கு உள்ள மதிப்புக்கூட மனிதனின் மானத்துக்கு இல்லையா என்று நாம் கேட்கிறோம்.

"இது வெறும் விளையாட்டு, வெறும் சினிமா; இதில் மார்க்கத்துக்கு என்ன வேலை?" என்று வினவுவோர் உளர். வேலை இருக்கிறது. 2019 ஜூலையில், உயிரோடிருக்கும் நடிகர் விஜய்க்கு இரங்கல் கூறுவதுபோல் ஒரு ஹேஷ்டேக்கை உருவாக்கி, ட்விட்டரில் நாடெங்கும் பரப்பினார்கள். நம் தமிழகத்து இளைஞர்களின் ஆற்றல் இதற்கா செலவாகிறது என்று கிரிக்கெட் வீரர் அஸ்வினே வருந்தினார். ரசிகர்களுக்குள் நடந்த கேலி அது என்பர். பிறனுடைய சாவைக் கேலிப் பொருளாக்கிய நாக்கு அடுத்து எங்கே நிற்கும்?

அது நிற்கவில்லை. 2021 அக்டோபர் 24 அன்று துபாயில் இந்திய அணி பாகிஸ்தானிடம் பத்து விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது. பந்து வீசிய எவராலும் அன்று ஒரு விக்கெட்டும் வீழ்த்த இயலவில்லை. எனினும் துரோகி என்று ஏசப்பட்டவர் முகம்மது ஷமி. மறு ஆண்டு செப்டம்பரில் அதே துபாயில் ஒரு கேட்சைத் தவறவிட்டதற்காக, அர்ஷ்தீப் சிங் என்னும் சீக்கிய இளைஞரைப் பிரிவினைவாதி என்றார்கள். தோல்விக்குக் காரணம் தேடியவர்கள் பந்தைப் பார்க்கவில்லை, பெயரைப் பார்த்தார்கள். அன்றைய அணித்தலைவர் விராட் கோலி, மதத்தை வைத்து ஒருவரைத் தாக்குவதைப் பகிரங்கமாகக் கண்டித்தார். அவரை நாம் பாராட்டுகிறோம்.

பிறரைக் குறை கூறுவதோடு இக்கட்டுரையை முடித்துவிட்டால் நம்மவர்கள் மகிழ்வார்கள். ஆனால் 2025 மார்ச் 4 அன்று நடந்தது என்ன? ரமழான் மாதம், துபாயில் ஆஸ்திரேலியாவுடன் அரையிறுதி ஆட்டம். ஷமி மைதானத்தில் எதையோ அருந்திய படம் பரவியது. உடனே வட நாட்டு மௌலானா ஒருவர் அவரைப் பாவி என்றும் ஷரீஅத்தின் பார்வையில் குற்றவாளி என்றும் அறிவித்தார். பள்ளிவாசல் பக்கமே எட்டிப் பாராத வாலிபர்களும் அதைப் பகிர்ந்து முஃப்திகளானார்கள்!

பயணிக்கு நோன்பை விட்டுப் பின்னர் நிறைவேற்றச் சலுகை உண்டென்பது மக்தபுப் பிள்ளையும் அறிந்த சட்டம். வெளியூரில் எத்தனை நாள் தங்க எண்ணினால் அச்சலுகை நீங்கும் என்பதில் ஹனஃபி மத்ஹபு பதினைந்து நாள் என்கிறது. ஷாஃபிஈ மத்ஹபு, வந்த நாளும் போகும் நாளும் நீங்கலாக நான்கு நாள் என்கிறது. ஆக, ஒருவர் பயணியா அல்லரா என்பது அவருடைய எண்ணத்தைக் கேட்டறிந்தே தீர்மானிக்க வேண்டியது. நோயோ வேறு தகுந்த காரணமோ இருந்ததா என்பதும் அவ்வாறே. கேட்டவர் யார்? ஷமி எவரிடம் ஃபத்வா கோரினார்? புகைப்படத்தில் கோப்பை தெரியும், நிய்யத் தெரியுமா?

"நாங்கள் எழுதவில்லை, வந்ததை அனுப்பினோம், அவ்வளவே" என்பது இவர்களின் கடைசிப் புகலிடம். அந்தக் கதவையும் நம் முன்னோர் அடைத்துவிட்டார்கள். ஹதீஸ் கலையில் செய்தியை எடுத்துரைப்பவருக்கு 'ராவி' என்று பெயர். அவர் வாய்மையாளரா, நினைவாற்றல் உடையவரா, யாரிடம் கேட்டார் என்று ஒவ்வொருவராக ஆராய்வதற்கென்றே அஸ்மாவுர் ரிஜால் என்னும் தனிக் கலை வளர்ந்தது. இமாம் முஸ்லிம் தம் ஸஹீஹ் நூலின் முன்னுரையிலேயே, காதில் விழுந்ததையெல்லாம் எடுத்துரைப்பதற்கு எதிரான எச்சரிக்கைகளைத் தொகுத்து வைத்தார். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள்மீது சுமத்தப்பட்ட அவதூறைப் பற்றிப் பேசும் அந்நூர் அத்தியாயம், அதை இட்டுக்கட்டியவனோடு நிற்காமல், நாவுக்கு நாவு கடத்தியவர்களையும் கண்டிக்கிறது. கைபேசியில் பகிர்பவனும் ராவியே. அவனிடமும் கணக்குண்டு.

2023 உலகக் கோப்பையில் ஷமி 24 விக்கெட்டுகளுடன் முதலிடம் பெற்றபோது எங்கும் புகழ்மாலை. அது பரிகாரமாகாது. ஒரு விக்கெட்டும் எடுக்காவிடினும் அவர் மானத்தோடு வீடு திரும்ப உரிமையுடையவர். விக்கெட் கொடுத்து வாங்கும் சரக்கன்று மானம்.

விளையாட்டை வெறுக்கும்படி நாம் கூறவில்லை. பக்கத்துச் சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியிலிருந்து புறப்பட்டு இந்திய அணியில் இடம்பெற்ற நடராஜனைப்போல் நம் பிள்ளைகளும் உயரட்டும். ஆனால் பந்தெறியக் கை பழகும்போதே, செய்தியை எறியாமல் நிறுத்தவும் அக்கை பழக வேண்டும். மக்தபுகளின் உஸ்தாதுகள் நோன்பின் சட்டங்களைக் கற்பிக்கும் அதே பாடவேளையில் இதையும் கற்பிக்கட்டும். ஜும்ஆ மேடைகளில் புறம் பேசுவதன் தீமையை விளக்கும் கதீபுகள், புறம் இன்று நாவிலிருந்து விரலுக்கு இறங்கிவிட்டது என்பதைச் சேர்த்துச் சொல்லட்டும்.